மிஷின் படிக்காத வரி

“நீங்க சொல்லித்தான் அழிச்சதுன்னு அவுங்ககிட்டச் சொல்லுங்க” என்றேன்.

முதலாளி சின்னண்ணன் காபி டம்ளரை மேசையில் வைத்தார். பக்கத்தில் நின்ற கணக்கர் கந்தவேல், மோட்டுவளையில் பல்லி தேடுகிறவர் போல முகத்தை மேலே தூக்கிக்கொண்டார். அவருக்குப் பயம். இந்தக் கோழித் தீவன மில்லில் நான் சேர்ந்த அன்றைக்கே அவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருந்தார்: “அம்முணி, லீவு கேளு, குடுப்பாரு. சம்பளம் ஏத்திக் கேளு, மொனகிட்டே குடுப்பாரு. ஆனா நாலு பேரு முன்னால ‘இது நான் சொன்னது’ன்னு ஒத்துக்கச் சொல்லி மட்டும் கேட்டுறாத. அதைக் கேட்டவங்க ஒருத்தரும் இங்க தங்குனதில்ல.”

“யாருகிட்டச் சொல்லோணும்?” என்றார் முதலாளி.

“கீழ நிக்கறாங்களே, பண்ணைக்காரங்க. அவுங்ககிட்ட. சாரதாமணி மேல தப்பில்லைன்னு.”

கீழே எடை மேடைக்குப் பக்கத்தில், வெயில் என்றும் பாராமல், பண்ணைக்காரர்கள் கூடி நின்றார்கள். எங்கள் மில் தீவனம் போன பண்ணைகளில் எல்லாம் குஞ்சுகள் கொத்துக் கொத்தாகச் செத்துக்கொண்டிருந்தன. அடுத்த அறையில், கம்ப்யூட்டருக்கு முன்னால் நாற்காலி காலியாக இருந்தும், சாரதாமணி சுவரோரமாகத் தரையில் உட்கார்ந்திருந்தாள். அவளுக்குப் பத்தொன்பது வயது. ராசிபுரத்தில் அவள் அப்பாவுக்கு நாலு தறி. அந்த வீட்டிலிருந்து பஸ் ஏறி வேலைக்குப் போன முதல் பெண் அவள்தான். ‘அந்தப் புள்ள தட்டினதுல கோழி செத்துப் போச்சு’ என்று இன்றைக்குப் பேர் விழுந்துவிட்டால், பிறகு அவளை யாரும் வாசலைத் தாண்ட விடமாட்டார்கள். போகப்போவது இந்த ஒரு வேலை மட்டும் இல்லை.

“அதை நான் பேசிக்கறேன். நீ போயி மிஷினைச் சரி பண்ணு” என்றார்.

“மிஷின்ல கோளாறு ஒண்ணுமில்லீங்க.”

அவர் என்னைப் பார்க்காமல் கந்தவேலைப் பார்த்தார். கந்தவேல் இன்னும் பல்லியைத்தான் தேடிக்கொண்டிருந்தார்.

நடந்ததை முறையாகச் சொல்லிவிடுகிறேன்.

நாமக்கல்லில் தீவனம் அரைக்கிறவர்களுக்குக் கலவைதான் உயிர். எதில் எவ்வளவு என்று வெளியே போய்விட்டால் அடுத்த மாதமே எதிரில் ஒரு மில் முளைக்கும். எங்கள் மில்லில் ஸ்டோர் பார்த்த ஆள் ஒருவன் அப்படித்தான் கலவையை மனப்பாடம் செய்துகொண்டு திருச்செங்கோட்டுப் பக்கம் போய்விட்டானாம். அதற்கப்புறம் முதலாளி எல்லாச் சாமானுக்கும் நம்பர் போட்டுவிட்டார். மக்காச்சோளம் ஒண்ணாம் நம்பர், தவிடு ரெண்டாம் நம்பர், கருவாட்டுத் தூள் நாலாம் நம்பர், உப்பு ஏழாம் நம்பர். உப்பை நாக்கில் வைத்தால் தெரியாதா? தெரியும். ஆனாலும் மில்லுக்குள் உப்பை உப்பு என்று யாரும் சொல்லக் கூடாது. கலவை போடுகிற மாரி ஒரு நாள் சோற்றில் உப்பு இல்லை என்பதற்கு, “இன்னைக்கு எங்கூட்டுக்காரி ஏழாம் நம்பரை மறந்துட்டா” என்றான். எல்லோரும் சிரித்தார்கள். முதலாளியும் சிரித்தார். அவருக்கு அது விசுவாசமாகத் தெரிந்தது.

எண்பத்தாறில் கம்ப்யூட்டர் வாங்கினார். அதற்கு ஏ.சி. வைத்தார். மனுஷர்கள் வேலை செய்கிற இடத்தில் மின்விசிறி கூடக் கிடையாது. என்னை வேலைக்கு வைத்தது, நான் அவருக்குத் தூரத்துப் பங்காளி மகள் என்பதால். எங்கள் ஊர் மோகனூருக்குப் பக்கம். எங்கள் குடும்பத்தில் பத்தாவதைத் தாண்டியவர் எனக்கு முன்னால் யாருமில்லை. நான் சேலத்தில் பி.எஸ்ஸி. கணக்குப் படித்தேன்; அப்புறம் ஒரு சென்டரில் கம்ப்யூட்டர் படித்தேன். “சௌந்திரம் நம்ம புள்ள, நம்பலாம்” என்று எல்லோரிடமும் சொல்வார்.

தீவனக் கலவைக் கணக்கை மிஷினில் ஏற்றியவள் நான். இன்ன சரக்கு வந்திருக்கிறது, இத்தனை மூட்டை வேண்டும் என்று தட்டினால் ஒவ்வொரு நம்பரிலும் எவ்வளவு என்று சீட்டில் அடித்துக் கொடுக்கும். புரோகிராமில் வரிகளுக்கு நடுவே ‘ரெம்’ என்று தொடங்கி நம் இஷ்டத்துக்கு எதையும் எழுதலாம். மிஷின் அதைப் படிக்காது, தாண்டிப் போய்விடும். அது மிஷினுக்காக எழுதுவது அல்ல. நமக்குப் பின்னால் அந்த நாற்காலியில் உட்காரப்போகிறவருக்காக எழுதுவது.

சேலத்து சென்டரில் எங்களுக்கு யாரும் இதைச் சொல்லித் தரவில்லை. வாத்தியார் புரோகிராமை போர்டில் எழுதுவார், நாங்கள் மனப்பாடம் செய்வோம். முப்பதாவது வரி ஏன் முப்பதாவது வரியாக இருக்கிறது என்று கேட்டால், “அது அப்படித்தாம்மா” என்பார். அந்த ‘அப்படித்தான்’ என்ற சொல்லைக் கேட்டாலே எனக்கு உடம்பு எரியும். ஊரில் எல்லாவற்றுக்கும் அதுதான் பதில். படித்தால் அதிலிருந்து தப்பலாம் என்றுதான் நான் படித்தேன்.

அதனால் மில் புரோகிராமில் ஒவ்வொரு முக்கியமான இடத்திலும் காரணத்தை எழுதினேன். தமிழில்தான். இங்கிலீஷ் எழுத்தை வைத்துத் தமிழ். ‘மழைக்காலச் சோளத்தில் ஈரம் இருக்கும், எடை ஏமாற்றும், கூட்டிப் போடு.’ ‘கருவாடு இரண்டாம் வகை என்றால் உப்புப் போட்டுக் காயவைத்தது. தனியாக உப்புச் சேர்க்காதே. குஞ்சு தாங்காது.’ இது முன்பு முதலாளிக்குக் கலவை போட்டுக் கொடுத்த ரிட்டையர்டு மாட்டு டாக்டர் எனக்குச் சொன்னது. அவர் இப்போது இல்லை. அதற்கு அடுத்த வரிதான் நிஜமான வரி: நாலாம் நம்பரில் வகை இரண்டு என்றால் ஏழாம் நம்பர் பூஜ்யம்.

ஒரு நாள் முதலாளியின் மச்சினர் கோயமுத்தூரிலிருந்து வந்தார். மிஷினைப் பார்க்க வேண்டும் என்று உள்ளே வந்து, திரையில் ஓடியதை எழுத்துக் கூட்டிச் சத்தமாகப் படித்தார். “க-ரு-வா-டு… அட, மச்சான், உங்க மிஷினு தமிழ் பேசுது!”

முதலாளிக்கு முகம் கறுத்துவிட்டது. மச்சினரை அனுப்பிவிட்டுத் திரும்பி வந்தார்.

“எல்லாத்தையும் இப்பிடித் தொறந்து போட்டு வெச்சிருக்கறயா?”

“அது அடுத்து வர்றவங்களுக்குப் புரியறக்குங்க.”

“அடுத்து வர்றவன் எவன்? எவனாச்சும் ஒரு பிளாப்பியச் சட்டைக்குள்ள சொருவிட்டுப் போனா என்ற பொழப்பு என்னாவும்?”

“கணக்கே அதுலதானுங்க இருக்குது. ரெம்மை மட்டும் அழிச்சு…”

“அந்தக் கணக்கு எவனுக்குப் புரியும்? இது என்ற ஊட்டுக்காரிக்குக் கூடப் புரியும்!”

“அதுக்குத்தானுங்க எழுதறது.”

“மிஷினு இதைப் படிக்குதா?”

“இல்லீங்க.”

“இது இல்லீன்னா மிஷினு ஓடுமா, ஓடாதா?”

“ஓடுமுங்க.”

“அப்பறம் என்ன சாமி? அழி.”

நாளைக்கு வேறு ஆள் உட்கார்ந்தால் தப்பு வரும் என்றேன். “வேற ஆளு எதுக்கு, நீ இருக்கறயே” என்றார். பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, கடைசி ரெம் போகிற வரைக்கும் எழுந்திருக்கவில்லை. ரெம்மோடு இருந்த பழைய பிளாப்பியை வாங்கி மடித்து உடைத்தார். நான் அன்றைக்கே கிளம்பிப் போயிருக்கலாம் என்று கந்தவேல் பின்னால் ஒரு தடவை சொன்னார். அன்றைக்கு அவர் அதைச் சொல்லவில்லை.

வேறு ஆள் எதற்கு என்றவர், வியாபாரம் பெருத்ததும் கலவைச் சீட்டுப் போட ஒரு ஆள் போதவில்லை என்று சாரதாமணியைக் கொண்டுவந்து விட்டார். பன்னிரண்டாவது முடித்தவள், டைப் தெரியும். மீதியை நான் சொல்லித் தர வேண்டும்.

முதல் வாரம் சின்னச் சின்னப் புரோகிராம் எழுத விட்டேன். ரெம் போட்டு எழுதச் சொன்னேன்.

“என்ன எழுதியிருக்கற, படி.”

“‘இங்கே ஏ-யையும் பி-யையும் கூட்டுகிறோம்.’”

“அதான் வரியிலயே இருக்குதே. கூட்டல் குறி தெரியாதவளா வந்து உக்காரப் போறா?”

“அப்பறம் என்னக்கா எழுதறது?”

“எதுக்குக் கூட்டறன்னு எழுது.”

அவள் திரையில் அந்த வரி மேல் விரலை வைத்தாள். “எதுக்குக்கா?”

“என்னையக் கேட்டா? கூட்டுனது நீ!”

வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். மறுநாள் வரிக்கு வரி ரெம் எழுதிக்கொண்டு வந்தாள். நிஜ வரி எது என்று தேட வேண்டியிருந்தது. “இதென்ன கல்யாணப் பத்திரிகையா? பெரியப்பன் பேரு உட்டுப் போச்சுன்னா சண்டைக்கு வருவாங்களா?” என்று கேட்டேன். அதற்கும் சிரித்தாள். இன்னொரு நாள் வரியை மாற்றிவிட்டு ரெம்மை மாற்றாமல் விட்டிருந்தாள். அப்போது நான் சிரிக்கவில்லை. “வரி ஒண்ணு சொல்லுது, ரெம்மு ஒண்ணு சொல்லுது, மாமியாளும் மருமவளுமாட்ட. படிக்கறவ யாரை நம்புவா? இதுக்கு எழுதாமயே இருந்திருக்கலாம்” என்று திட்டினேன்.

ஒரு நாள் அவளாகவே சொன்னாள்: “எங்கூட்டுத் தறியில பாவு நூலுல எங்கியாச்சும் நைஞ்ச இழை இருந்துச்சுன்னா அங்க ஒரு செவப்பு நூலு கட்டி உடுவாங்கக்கா. அடுத்து ஓட்டறவங்க பாத்துப் பதனமா ஓட்டுவாங்க. செவப்பு நூலு துணியில வராது. இது அந்த மாதிரியா?”

“அதேதான்” என்றேன். எனக்கு அவ்வளவு சந்தோஷம். அவளுக்குத் தெரிந்துவிட்டது. என்ன செய்கிறது என்பதை வரியே சொல்லிவிடும். ஏன் என்பதை நாம்தான் சொல்ல வேண்டும். காரணம் இல்லாத வரி புரோகிராமில் இருக்கவே கூடாது. இதை அவளுக்கு நூறு தடவை சொல்லியிருப்பேன்.

“அப்பறம் ஏன்க்கா நம்ம மில்லுப் புரோகிராம்ல மட்டும் ஒண்ணுமே இல்ல?” என்று கேட்டாள்.

“மொதலாளி வேண்டாம்னுட்டாரு. நான் வாயால சொல்றேன், நீ ஞாபகம் வெச்சுக்க.”

வாயால் சொல்வது எவ்வளவு தூரம் வரும்? அன்றாடம் வேலைக்கு வருகிற வரிகளைச் சொன்னேன். உப்புக் கருவாடு லோடு மாதக் கணக்கில் வரவேயில்லை. எல்லாம் வெறும் வெயிலில் காய்ந்த முதல் வகைதான் வந்துகொண்டிருந்தது. அந்த வரிக்கு நான் போகவேயில்லை.

சித்திரையில் எங்கள் பெரியம்மா மகள் கல்யாணத்துக்காக ஊருக்குப் போயிருந்தேன். அப்போதுதான் உப்புக் கருவாட்டுத் தூள் வந்து இறங்கியது. தூளாக மூட்டையில் வந்தால் எல்லாம் ஒரே மாதிரிதான் இருக்கும். சரக்குச் சீட்டில் நாலாம் நம்பர், வகை இரண்டு. சாரதாமணி அப்படியே தட்டினாள். கலவைச் சீட்டு வந்தது. மாரி அதை எடுத்துக்கொண்டு மேலே வந்தான்.

“அம்முணி, ஏழாம் நம்பரு பூஜ்யம்னு வருதே. மிஷினு திங்குதா?”

“ஏழாம் நம்பர்னா என்னங்கண்ணா?”

“அதை என்ற வாயால சொன்னா வேலை போயிரும் சாமி. மொதலாளியக் கேட்டுக்க.”

முதலாளி கீழே லாரிக்காரனோடு தகராறில் இருந்தார். மாடிப் படியில் நின்றுகொண்டே மாரி கத்தினான்: “ஏழாம் நம்பரு உழுவ மாட்டீங்குதுங்க!” அவர் திரும்பிக் கூடப் பார்க்கவில்லை. “மிஷினு கோளாறுன்னா அந்தப் புள்ளையச் சரி பண்ணச் சொல்லு, எல்லாத்துக்கும் நானே வரோணுமா?” என்றார். உப்பு என்று யாராவது ஒருவர் அன்றைக்கு வாயைத் திறந்து சொல்லியிருந்தால் அவருக்கே பொறி தட்டியிருக்கலாம். அவர் போட்ட நம்பர் அவர் கண்ணையும் மறைத்தது.

சாரதாமணி புரோகிராமைத் திறந்து தேடினாள். கெட்டிக்காரி, கண்டுபிடித்துவிட்டாள். நாலில் வகை இரண்டு என்றால் ஏழு பூஜ்யம். மேலே ஒரு எழுத்து இல்லை. கீழே ஒரு எழுத்து இல்லை. காரணம் இல்லாத வரி. எடுத்துவிட்டாள். ஏழாம் நம்பர் சரியாக விழுந்தது. முதலாளி சந்தோஷப்பட்டு அவளுக்குக் கலர் சோடா வாங்கிக் கொடுத்தாராம்.

நான் ஊரிலிருந்து திரும்பிய அன்று பண்ணைகளில் தண்ணீர்த் தொட்டியைச் சுற்றிக் குஞ்சுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொண்டிருந்தன. வெயில்தான் காரணம் என்று எல்லோரும் நினைத்தார்கள். ஈரச் சாக்குக் கட்டித் தொங்கவிட்டார்கள், தொட்டியைக் கூட்டினார்கள். தரையெல்லாம் சொதசொதவென்று ஆனது. குஞ்சுகள் மல்லாந்து விழுந்து காலை உதைத்தன. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த மாட்டு டாக்டர் செத்த குஞ்சு ஒன்றை அறுத்துப் பார்த்தார். பிறகு தீவனத்தை ஒரு சிட்டிகை நாக்கில் வைத்துத் துப்பினார். “என்னய்யா இது, கடலைத் தூக்கிக் கொட்டியிருக்கீங்க” என்றார்.

கலவைச் சீட்டைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. சாரதாமணியைக் கேட்டேன்.

“அந்த வரிக்குக் காரணமே இல்லீங்கக்கா” என்றாள். “காரணம் இல்லாத வரி இருக்கவே கூடாதுன்னு நீங்கதானேக்கா சொன்னீங்க.”

நேராக முதலாளி அறைக்குப் போனேன். போய்க் கேட்டதைத்தான் முதலில் சொன்னேன்.

அவர் மீதிக் காபியைக் குடித்து முடித்தார். பண்ணைக்காரர்களை மேலே கூப்பிடச் சொன்னார். கூடத்தில் எல்லோருக்கும் மோர் வந்தது. யாரும் தொடவில்லை. முன்னால் நின்றவர் சென்னியம்மாள். புருஷன் போன பிறகு தனி ஆளாக மூன்று கொட்டகை நடத்துகிறவர். முகத்தில் தூக்கம் இல்லை.

“சொல்லு சின்னண்ணா. என்ற குஞ்சுக்கு என்ன பதில்?”

“அக்கா, புதுப் புள்ளைங்க. தெரியாமத் தப்பாத் தட்டிப்புடுச்சு. அதைக் கூப்பிட்டுக் கேட்டுக்கங்க. நட்டத்தை நான் பாத்துக்கறேன்.”

“தப்பாத் தட்டலீங்க” என்றேன் நான்.

எல்லோரும் திரும்பினார்கள். கந்தவேல் என் புடவைத் தலைப்பைத் தொடாத குறையாகப் பக்கத்தில் வந்து, “வேண்டாம் அம்முணி” என்று முணுமுணுத்தார்.

“அந்த எடத்துல, இது உப்புக் கருவாடு, இன்னும் உப்புப் போடாதேன்னு நான் எழுதி வெச்சிருந்தேனுங்க. மொதலாளி அதை அழிக்கச் சொன்னாரு. பக்கத்துலயே உக்காந்து அழிக்க வெச்சாரு. எழுதுனது இருந்திருந்தா அந்தப் புள்ள அதைத் தொட்டிருக்காது.”

சென்னியம்மாள் முதலாளி பக்கம் திரும்பினார். ஒரு நொடி, ஜெயித்துவிட்டோம் என்றே நினைத்தேன்.

முதலாளி கோபப்படவில்லை. அதுதான் மோசம். குழந்தையிடம் பேசுகிறவர் போலக் கேட்டார். “சௌந்திரம், நீ எழுதி வெச்சதை மிஷினு படிக்குமா?”

“படிக்காதுங்க. ஆனா…”

“படிக்காது. சரி. நாம அதை அழிச்சதுக்கப்பறம் இத்தனை மாசமா மிஷினு ஓடுச்சா? சீட்டுச் சரியா வந்துச்சா?”

“வந்துச்சுங்க.”

“ஒரு கோழி செத்துச்சா?”

“இல்லீங்க. அது இல்லீங்க விசயம்…”

“மிஷினே படிக்காத ஒண்ணை அழிச்சதுல கோழி எப்பிடிச் சாமி சாகும்?”

பின்னால் யாரோ சிரித்தார். “கோழி படிக்கும்னு நெனச்சுட்டாப்பல இருக்குது” என்றார் இன்னொருவர். செத்த குஞ்சுகளைக் குழியில் கொட்டிவிட்டு வந்த மனுஷர்கள் சிரித்தார்கள். சென்னியம்மாள் மட்டும் சிரிக்கவில்லை.

“அம்முணி” என்றார் அவர் என்னிடம். “எனக்கு உங்க எழுத்து கிழுத்து தெரியாது. ஒண்ணே ஒண்ணு சொல்லு. இருந்த வரியை எடுத்தது யாரு?”

“சாரதாமணிங்க. ஆனா அவளுக்கு அது எதுக்குன்னு தெரியாதுங்க. தெரியாதபடி பண்ணி வெச்சது…”

“தெரியாட்டிக் கேக்கோணும். இல்லீன்னா தொடாம இருக்கோணும்.”

“கேட்டாளுங்க! ஏழாம் நம்பர்னா என்னன்னு கேட்டா. மாரியண்ணன் சொல்லல!”

எல்லோரும் மாரியைப் பார்த்தார்கள். மாரி முதலாளியைப் பார்த்தான். “என்னைய யாரும் ஒண்ணும் கேக்கலீங்களே” என்றான். அவனைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. அவனுக்கு மூன்று பிள்ளைகள்.

சாரதாமணியைக் கூப்பிட்டார்கள். வந்து கதவோரம் நின்றாள். நான் அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன். சொல்லு, சொல்லு என்று மனசுக்குள் கத்தினேன். அவர் சரிபண்ணச் சொன்னார், கலர் வாங்கிக் கொடுத்தார் என்று சொல்லிவிடு.

“நீதான் அந்த வரியை எடுத்ததா?” என்றார் முதலாளி.

“ஆமாங்க” என்றாள். “என்ற தப்புதானுங்க.”

அவள் அதைச் சொன்னது முதலாளிக்குப் பயந்து அல்ல என்பது என்னைத் தவிர யாருக்கும் தெரிந்திருக்காது. அவள் நிஜமாகவே அப்படி நம்பினாள். அங்கே எழுதியிருந்த காரணத்தை முதலாளி அழிக்க வைத்தார் என்று நான் சொன்னது அவள் காதில் விழவே இல்லை. காரணம் இருந்தது, தான் பார்க்கவில்லை என்று மட்டும் அவள் எடுத்துக்கொண்டாள்.

மத்தியானத்துக்கு மேல் அவள் அப்பா சரவணமுத்து வந்தார். ஒல்லியான மனுஷர். நேரே சென்னியம்மாளிடம் போய்க் கையெடுத்துக் கும்பிட்டார். “பொண்ணு பண்ணுன பாவத்துக்கு நான் என்ன சொல்றதுன்னு தெரியலீங்க” என்றார். சென்னியம்மாளுக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. “கூட்டிட்டுப் போங்க, கண்ணு பயந்து கெடக்குது” என்றார்.

நான் அவர் பின்னாலேயே படியிறங்கினேன். “ஐயா, அவ மேல தப்பில்லீங்க. அவளாட்டப் படிச்சுக்கற புள்ளைய நான் பாத்ததில்லீங்க. வேற எங்கியாச்சும் வேலை இருந்தா…”

“போதும் தாயி” என்றார். “நீங்க படிச்சவங்க, உங்களுக்குத் தாங்கும். எங்களுக்குப் பாவு சுத்த ஒரு கை கொறையுது. அது போதும்.”

சாரதாமணி என் பக்கம் திரும்பவில்லை. அப்பாவுக்குப் பின்னால் நடந்து போனாள். எடை மேடையைத் தாண்டும்போது, அங்கே நின்ற லோடு ஆட்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். மரியாதைக்காக ஒதுங்கவில்லை.

திரும்பி வந்தபோது முதலாளி கம்ப்யூட்டர் அறையில் நின்றுகொண்டிருந்தார்.

“என்ன நீ, எல்லார் முன்னாலயும் அப்பிடிப் பேசிப்புட்ட? சரி, போவுது. உன்னைய உட்டுக் குடுப்பனா நானு? நம்ம புள்ள. பேரு போறது யாரோ ஒரு ராசிபுரத்துப் புள்ளைக்குத்தானே, உனக்கென்ன?”

எனக்கு அப்போதுதான் முழுசாகப் புரிந்தது. அவர் என்னைக் காப்பாற்றியிருக்கிறாராம். அழித்த கை என்னுடையது, அதைச் சொல்லி என்னை மாட்டிவிடாமல், அவளைக் கொடுத்து என்னை எடுத்துக்கொண்டிருக்கிறார். இதற்கு நான் நன்றி சொல்ல வேண்டும்.

உட்கார்ந்து அந்த வரியைத் திரும்பப் போட்டேன். அவருக்காகப் போடவில்லை, சென்னியம்மாள் கொட்டகையில் மீதி இருக்கிற குஞ்சுக்காகப் போட்டேன். அதற்கு மேலே ரெம் என்று தட்டினேன். அவர் என் தோளுக்குப் பின்னாலிருந்து கையை நீட்டினார்.

“அது வேண்டாம்.”

“இவ்வளவு நடந்ததுக்கு அப்பறமுமா?”

“இவ்வளவு நடந்ததுக்கு அப்பறந்தான். இப்ப ஊரே இந்த மிஷினைப் பத்திப் பேசுது. எவன் எவன் வந்து எட்டிப் பாப்பானோ. நாளைக்கு நாமகிரிப்பேட்டையில இருந்து ஒரு புள்ள வருது. உன்னாட்டமே பி.எஸ்ஸி. நீயே சொல்லிக் குடு. எல்லாத்தையும் வாயாலயே சொல்லிக் குடு.”

அவர் கீழே போனார். திரையில் ரெம் என்ற மூன்று இங்கிலீஷ் எழுத்துக்குப் பின்னால் வெளிச்சக் கட்டம் விட்டு விட்டு மின்னிக்கொண்டிருந்தது. நாளைக்கு வருகிறவளை நினைத்துப் பார்த்தேன். அவளும் கெட்டிக்காரியாக இருப்பாள். அவளும் கேட்பாள், இது ஏன்க்கா இப்படி என்று. நானும் சொல்வேன், அது அப்படித்தான் என்று. அவள் ஒரு நாள் ஏதோ ஒரு வரியில் கை வைப்பாள். அன்றைக்கு நான் ‘நம்ம புள்ள’யாக ஓரமாக நின்றுகொண்டிருப்பேன். கூடத்தில் அவர்கள் சிரித்த அந்த நிமிஷமே எனக்கு இந்த மில் முடிந்துபோயிருந்தது. இது மிச்சம்.

எழுதி வைத்தாலும் நாளைக்கு வருகிறவளை வைத்தே அவர் அதை அழிப்பார். ரெம்மை அழித்துவிட்டு மிஷினை நிறுத்தினேன். ஏ.சி.யையும் நிறுத்தினேன். டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு கந்தவேல் மேசைக்குப் போனேன்.

“அண்ணா, புரோகிராம்ல இன்னும் நாலஞ்சு எடம் இருக்குது. மழைக்காலச் சோளம், கிளிஞ்சலு, அப்பறம் மருந்து போடறது. எந்த வரி எதுக்குன்னு சொல்றேன், கேட்டுக்கங்க. யாருக்காச்சும் தெரிஞ்சிருக்கோணும்.”

அவர் நாற்காலியோடு பின்னால் நகர்ந்தார். “எங்கிட்டச் சொல்லாத அம்முணி, உனக்குப் புண்ணியமாப் போவட்டும். எனக்குத் தெரிஞ்சா நாளைக்கு நான் பதில் சொல்லோணும். தெரியாதவனுக்குத்தான் இங்க பொழப்பு.”

“சரிங்கண்ணா.”

“எங்க கெளம்பிட்ட? மணி ஆகலையே.”

“வாரேனுங்க” என்று சொல்ல வாயெடுத்தேன். வரப்போவதில்லை. அதனால் அதைச் சொல்லாமல் இறங்கினேன். எடை மேடையில் ஒரு லாரி ஏறிக்கொண்டிருந்தது. டிரைவர் ஹாரன் அடித்தான். நான் ஓரமாக ஒதுங்கவில்லை, அதன் முன்னாலேயே குறுக்கே நடந்து கேட்டைத் தாண்டி ரோட்டுக்கு வந்தேன்.